ஒரு பானைச் சோறும் ஒரு மலைத் தங்கமும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)

போன கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது நூற்பாலைத் தோழர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் தோழர், இந்த மலையில் இத்தனை டன் தங்கம், அந்தக் காட்டில் அத்தனை டன் தங்கம் என்று பத்திரிகையில் போடுகிறார்களே, தோண்டாமலே எப்படித் தெரிகிறது? எவன் உள்ளே போய் எடை போட்டுவிட்டு வந்தான்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அது சிரிக்கும் கேள்வி அல்ல. அடுத்த கூட்டத்தில் பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். மண்ணியல் பட்டம் வாங்கியவன் அல்ல. ஆனால் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. இதில் பெரும் பகுதி நம் வீட்டுப் பெண்கள் அடுப்படியில் தினமும் செய்கிற காரியம்தான். மிச்சம், பள்ளிக்கூடப் பெருக்கல் கணக்கு. அதற்கு மேலே இருப்பது பணம். அந்தப் பணம் வந்து உட்காரும்போதுதான் கணக்கு கோணலாகிறது.

முதலில் நம் நாட்டிலேயே நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். 2020 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்தின் சோன்பத்ரா ஜில்லாவில் சுமார் 3,350 டன் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதாகப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. அப்போது இந்தியாவிடம் இருந்த தங்கக் கையிருப்பைப்போல் அது ஐந்து மடங்கு! நாட்டின் கடன் தீர்ந்தது, கஷ்டம் தீர்ந்தது என்று பேசாத ஆளில்லை. சில நாள்தான். இந்திய புவியியல் ஆய்வுத் துறை வாய் திறந்தது: அங்கே மதிப்பிடப்பட்டது சுமார் 52,806 டன் தாதுப் பாறை, அதில் டன்னுக்குச் சராசரி 3.03 கிராம் தங்கம்; ஆக மொத்தம் 160 கிலோ.

நீங்களே பெருக்கிப் பாருங்கள். 52,806-ஐ 3.03-ஆல் பெருக்கினால் ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிராம். 160 கிலோ. டன் எங்கே, கிலோ எங்கே? ஊரில் பேசிய தங்கம், ஆய்வுத் துறை சொன்ன தங்கத்தைப்போல் இருபதாயிரம் மடங்குக்கு மேல்! அந்தப் பெருக்கலை ஒருவர் போட்டுப் பார்த்திருந்தால் ஊர் முழுக்க ஏமாந்திருக்காது. அதற்காகத்தான் இந்தப் பாடம்.

குத்தூசி

மண்டியில் நெல் மூட்டை வந்து இறங்குகிறது. வியாபாரி என்ன செய்கிறான்? மூட்டையை அவிழ்ப்பதில்லை. குத்தூசியை எடுத்துச் சாக்கில் செருகுகிறான். உள்ளங்கையில் பத்து மணி விழுகிறது. ஊதிப் பார்க்கிறான், கடித்துப் பார்க்கிறான், விலை சொல்கிறான். ஒரு போகத்து உழைப்புக்கு அந்தப் பத்து மணிதான் சாட்சி.

தங்கச் சுரங்கத்திலும் இதேதான். அங்கே குத்தூசி என்பது துளைக்கருவி. முனையில் வைரம் பதித்த குழாயைப் பாறைக்குள் சுழற்றி இறக்குகிறார்கள். குழாய்க்குள் கல் உருளையாக ஏறி வருகிறது. நீளமான முருங்கைக்காய் கல்லானால் எப்படி இருக்குமோ அப்படி. பருமன் சுமார் ஆறு சென்டிமீட்டர். அதை மீட்டர் மீட்டராகப் பெட்டியில் அடுக்கி, எந்தத் துளை, எத்தனை ஆழம் என்று எழுதி வைக்கிறார்கள். பிறகு நெடுவாக்கில் ரம்பத்தால் இரண்டாக அறுக்கிறார்கள். ஒரு பாதி சோதனைக்குப் போகிறது. மறு பாதி பெட்டியிலேயே இருக்கிறது. இந்த மறு பாதியை மறந்துவிடாதீர்கள். பின்னால் ஒரு பெரிய கதையில் அது வரும்.

இப்படி 50 மீட்டருக்கு ஒரு துளை போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துளையும் 50-க்கு 50, அதாவது 2,500 சதுர மீட்டர் நிலத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும். துளையின் பரப்போ உள்ளங்கைக்குள் அடங்கும். கணக்குப் போட்டால், சுமார் எட்டு லட்சத்தில் ஒரு பங்குப் பாறையைத்தான் நாம் பார்க்கிறோம். மீதி ஏழு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துச் சொச்சம் பங்கு இருட்டில் இருக்கிறது.

அதுவும் முழுதாகச் சோதனைக்குப் போவதில்லை. ஒரு மீட்டர் கல் உருளை எட்டரைக் கிலோ இருக்கும். அதில் பாதி நாலேகால் கிலோ. அதை இடித்து மாவாக்கி, அந்த மாவில் 30 கிராமோ 50 கிராமோ எடுத்துத்தான் சோதிக்கிறார்கள். அதற்கு ஈய ஆக்சைடு சேர்க்கிறார்கள். நம் வைத்தியர்கள் மிருதாரசிங்கி என்பார்களே, அதுதான். வெங்காரமும் சோடாவும் சேர்த்து ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்குகிறார்கள். உருகிய ஈயம் தங்கத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்குகிறது. அந்த ஈயக்கட்டியை எலும்புச் சாம்பலில் செய்த கிண்ணியில் வைத்து மறுபடி சூடேற்றினால் ஈயத்தைக் கிண்ணி குடித்துவிடும். கடுகினும் சிறிய ஒரு மணி மிஞ்சும். நம் பொற்கொல்லர்கள் அறிந்த புடம்தான் இது. அந்த மணியின் தங்கத்தை அளந்துதான் டன்னுக்கு இத்தனை கிராம் என்று எழுதுகிறார்கள்.

ஒரு சோறு பதமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. சரிதான். ஏன் சரி? பானைக்குள் அரிசி எல்லாம் ஒரே அரிசி. தண்ணீர் ஒரே தண்ணீர். கொதி எல்லா இடத்திலும் சமம். அதனால் ஒரு பருக்கை மற்றப் பருக்கைகளுக்காகப் பேச முடியும்.

இரும்புத் தாதும் சுண்ணாம்புக் கல்லும் ஓரளவுக்கு அப்படி. தங்கம் அப்படி இல்லை! அது பாறைக்குள் சோறு மாதிரிப் பரவிக் கிடக்காது. பாயசத்தில் முந்திரிப் பருப்பு மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும் கிடக்கும். ஒரு கரண்டியில் ஐந்து வரும், அடுத்த பத்துக் கரண்டியில் ஒன்றும் வராது.

பத்து மாதிரி எடுக்கிறோம். ஒன்பது மாதிரியில் டன்னுக்கு ஒரு கிராம். பத்தாவதில் தற்செயலாக ஒரு தங்கத் துணுக்கு மாட்டிக்கொண்டு 91 கிராம். கூட்டினால் 100, பத்தால் வகுத்தால் சராசரி 10 கிராம். ஆகா, அற்புதமான சுரங்கம்! ஆனால் உண்மையில் ஒன்பது இடத்தில் ஒரு கிராம்தானே இருக்கிறது? ஒன்பது கூலிக்காரர்களையும் ஒரு மிராசுதாரையும் வரிசையில் நிறுத்திச் சராசரி வருமானம் போட்டால் இந்த ஊரில் ஏழையே இல்லை என்று ஆகிவிடும். அதே கதைதான்.

நேர்மையான நிபுணன் என்ன செய்வான்? அந்த 91-ஐ அப்படியே சேர்க்க மாட்டான். மற்ற துளைகளைப் பார்த்து ஒரு உச்ச வரம்பு வைத்து, இதற்கு மேல் வந்ததை இவ்வளவாகத்தான் எடுத்துக்கொள்வேன் என்பான். 10 கிராம் என்று வெட்டினால் மொத்தம் 19, சராசரி 1.9. பார்த்தீர்களா? பாறை மாறவில்லை, துளை மாறவில்லை. பென்சில் பிடித்த கை மாறியது. 10 கிராம் 1.9 கிராம் ஆயிற்று.

இந்தச் சிக்கலை வெகு காலம் முட்டிமோதிப் பார்த்தவர் தென்னாப்பிரிக்கப் பொறியாளர் டானி கிரிகே. அவர் 1951-ல் ஒன்றைக் கணக்கோடு நிறுவினார். வளமானது என்று மதிப்பிட்ட பகுதிகளை வெட்டிப் பார்த்தால் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவும், சோகை என்று ஒதுக்கிய பகுதிகளில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவும் தங்கம் வருகிறது. இது விதியின் விளையாட்டல்ல, மாதிரி எடுக்கும் முறையிலேயே உள்ள கோளாறு என்றார். பிரெஞ்சு நாட்டின் ஜார்ஜ் மாத்தெரோன் அதை ஒரு முழு சாஸ்திரமாக வளர்த்து, கிரிகேயின் பெயரையே அதற்கு வைத்தார்.

சாரம் எளியது. புதுக் கிணறு வெட்ட நினைக்கும் விவசாயி அக்கம்பக்கத்துக் கிணறுகளை விசாரிக்கிறான். பக்கத்துக் கிணற்றின் பேச்சுக்கு மதிப்பு அதிகம், தூரத்துக் கிணற்றுக்குக் குறைவு. இரண்டு கிணறு ஒட்டி ஒட்டி இருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரு சாட்சியாகத்தான் எடுத்துக்கொள்வான். இதையே கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். மலையைச் செங்கல் அடுக்குப்போல் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் சுற்றியுள்ள துளைகளைக் கேட்டு ஒரு எண் எழுதுகிறார்கள்.

10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் கொண்ட ஒரு கட்டம். 500 கன மீட்டர். ஒரு கன மீட்டர் பாறை 2.7 டன் என்றால் 1,350 டன். டன்னுக்கு ஒரு கிராம் என்றால் 1,350 கிராம். இதில் பாறையின் எடையை 2.5 என்று வைக்க வேண்டிய இடத்தில் 2.7 என்று போட்டுவிட்டால், நூற்றுக்கு எட்டுப் பங்கு தங்கம் காகிதத்திலேயே பிறந்துவிடும்! மேலாக உள்ள உளுத்த பாறை லேசாக இருக்கும், அடிப் பாறை கனமாக இருக்கும். அதை எடை போட்டுப் பார்க்காமல் ஒரே எண்ணைப் போடுகிறவன் சோம்பேறி, அல்லது திருடன்.

எது தாது, எது குப்பை?

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பாறையில் தங்கம் இருந்தால் மட்டும் அது தாது ஆகாது. எடுக்கிற செலவுக்கு மேல் வரவு வந்தால்தான் தாது. இல்லாவிட்டால் அது குப்பை மேட்டுக்குப் போகும்.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் தங்கம் 5,000 ரூபாய். ஆலையில் நூற்றுக்குத் தொண்ணூறுதான் பிரித்தெடுக்க முடியும். ஆக ஒரு கிராம் உள்ள பாறையில் வரவு 4,500. ஒரு டன் பாறையை அரைத்துச் சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கம் பிரிக்க மொத்தச் செலவு 2,250 ரூபாய். அப்படியானால் டன்னுக்கு அரை கிராம் இருந்தால் வரவும் செலவும் சரி. அரை கிராம்தான் எல்லைக்கோடு. அதற்கு மேல் தாது, கீழே குப்பை. நாளைக்குத் தங்கம் விலை பாதியாக விழுந்தால்? கோடு ஒரு கிராமுக்கு ஏறிவிடும். அரை கிராமுக்கும் ஒரு கிராமுக்கும் இடையில் இருந்த பாறை முழுவதும் ஒரே இரவில் குப்பை. மலையில் ஒரு குண்டுமணிகூடக் குறையவில்லை. ஆனால் சுரங்கத்தில் தங்கம் குறைந்துவிட்டது என்று அறிவிப்பு வரும்!

தோழர்களே, அந்தச் செலவு என்ற தொகைக்குள் என்ன இருக்கிறது? மின்சாரம், டீசல், வெடிமருந்து, வட்டி. கூடவே நம் கூலியும் இருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1911-லிருந்து 1969 வரை கறுப்புத் தொழிலாளியின் கூலி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், உயரவேயில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அங்கே ஏழைப் பாறையும் தாதுவாக இருந்ததற்கு அந்தக் கூலியும் ஒரு காரணம். ஆகவே "எத்தனை தங்கம் இருக்கிறது" என்ற கேள்வி பாறையைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல. உழைப்புக்கு என்ன கொடுக்கிறாய் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

குழியின் சரிவு

திறந்தவெளிச் சுரங்கத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. தாது நடுவில் ஆழத்தில் இருக்கிறது. அதை எட்ட வேண்டுமானால் மேலும் சுற்றிலும் உள்ள வெறும் பாறையையும் அள்ள வேண்டும். ஒரு டன் தாதுவுக்கு நாலு டன், ஐந்து டன் வெறும் பாறை அள்ளுவதும் உண்டு. கிணற்றுச் சுவரைச் செங்குத்தாக வெட்டினால் மண் சரியும். சாய்வாக வெட்டினால் வேலை அதிகம். சுரங்கக் குழியிலும் அதேதான். சுவரைச் சற்றே செங்குத்தாக்கினால் அள்ள வேண்டிய வெறும் பாறை குறையும், லாபம் ஏறும். அடியில் நிற்கும் தொழிலாளியின் தலைக்கு மேல் ஆபத்தும் ஏறும்.

ஆஸ்திரேலியாவில் கால்கூர்லியில் ஒரு பெரிய குழி இருக்கிறது. மூன்றரைக் கிலோமீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம், சுமார் 600 மீட்டர் ஆழம். 2018 மே மாதம் அதன் கிழக்குச் சுவர் சரிந்தது. நல்ல வேளையாக யாருக்கும் காயமில்லை. ஆனால் காகிதத்தில் இருப்பு என்று எழுதியிருந்த அடிப்பகுதித் தாதுவுக்குப் போகும் வழி அடைபட்டது. துருக்கியில் சோப்ளர் தங்கச் சுரங்கத்தில் 2024 பிப்ரவரி 13-ந் தேதி, சயனைடு ஊற்றிக் குவித்திருந்த தாதுக் குவியல் மலைபோலச் சரிந்து ஒன்பது தொழிலாளர்களைப் புதைத்தது. எந்த மதிப்பீட்டு அறிக்கையிலும் அவர்களுக்கு ஒரு பத்தி கிடையாது.

இதனால்தான் மதிப்பீட்டில் இரண்டு சொல்லைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பாறையில் இருக்கிறது என்று காட்டியது வளம். செலவு, சரிவு, விலை எல்லாம் பார்த்து எடுக்க முடியும் என்று காட்டியது இருப்பு. வளத்திலும் மூன்று படி: துளை நெருக்கமாகப் போட்டு அளந்தது, ஓரளவு துளை போட்டுச் சுட்டிக்காட்டியது, அங்கொன்று இங்கொன்று பார்த்து ஊகித்தது. ஊகித்ததை இருப்பில் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆஸ்திரேலியாவில் 1969-70-ல் பொசெய்டன் என்ற நிக்கல் கம்பெனியின் பங்கு வானத்துக்கு ஏறி மண்ணில் விழுந்த பிறகுதான் அந்த நாட்டில் விதி எழுதும் பேச்சே தொடங்கியது. 1989-ல் விதித் தொகுப்பு வந்தது. ஏமாந்தவர்கள் ஏமாந்த பிறகுதான் விதி வரும். அதிலும் பெரிய ஏமாற்றம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

பூசாங் கதை

இந்தோனேஷியாவின் கிழக்குக் கலிமந்தானில் பூசாங் என்ற காட்டுப் பகுதி. 1993-ல் கனடாவின் கால்கரி நகரத்துச் சிறு கம்பெனி ஒன்று அங்கே வந்தது. பெயர் பிரே-எக்ஸ். துளை போட்டார்கள். மாதிரிகள் சோதனைக்குப் போயின. தங்கம், தங்கம், மேலும் தங்கம்! ஒவ்வொரு அறிவிப்பிலும் எண் ஏறியது. 1997 பிப்ரவரியில் 7 கோடியே 10 லட்சம் அவுன்ஸ் என்றார்கள். ஒரு அவுன்ஸ் 31.1 கிராம். பெருக்கினால் சுமார் 2,200 டன். கோலார் தங்கவயலில் 120 வருஷம் தலைமுறை தலைமுறையாக வெட்டி எடுத்த தங்கம் சுமார் 800 டன். அதைப்போல் இரண்டே முக்கால் மடங்கு, ஒரே காட்டில், ஒரு மண்வெட்டி மண்கூட வெட்டாமல்!

காசுக் கணக்கில் விற்ற பங்கு டொரான்டோ சந்தையில் பறந்தது. உச்சத்தில் கம்பெனியின் மதிப்பு சுமார் 600 கோடி கனடா டாலர். சுகார்த்தோ ஆட்சியின் செல்வாக்குள்ளவர்களும் பெரிய சுரங்கக் கம்பெனிகளும் பந்திக்கு முந்தினார்கள். 1997 பிப்ரவரியில் பாகப் பிரிவினை நடந்தது: பிரே-எக்ஸுக்கு 45 சதவீதம்; சுகார்த்தோவின் நண்பர் பாப் ஹசன் சார்ந்த கம்பெனிகளுக்கு 30; ஃப்ரீபோர்ட் என்ற அமெரிக்கக் கம்பெனிக்கு 15; இந்தோனேஷிய சர்க்காருக்கு 10. தலைமுறைகளாக அந்தக் காட்டில் வாழும் தயாக் மக்களின் பெயர் பட்டியலில் இல்லை. பிள்ளை பிறக்குமுன்னே சொத்துக்குச் சண்டை!

பங்கு வாங்கிய ஃப்ரீபோர்ட் தானே துளை போட்டுப் பார்த்தது. பிரே-எக்ஸ் போட்ட துளைக்குப் பக்கத்திலேயே போட்டது. தங்கம் இல்லை. 1997 மார்ச் 19-ந் தேதி பிரே-எக்ஸின் புவியியல் நிபுணர் மைக்கேல் டி குஸ்மான் காட்டுக்கு மேலே பறந்த ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து இறந்தார். மார்ச் 26-ந் தேதி, சொல்லத்தக்க தங்கம் எதுவும் இல்லை என்று ஃப்ரீபோர்ட் அறிவித்தது. மறுநாள் பங்கு விலையில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் கரைந்தது. மே மாதம் ஸ்ட்ராத்கோனா என்ற தனி ஆய்வு நிறுவனம் தீர்ப்புச் சொன்னது: இடித்த மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூளைக் கலந்திருக்கிறார்கள். ஆற்றில் அரித்தெடுத்த தங்கம். ஆற்று நீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கிய துகள்கள்!

இப்போது அந்த மறு பாதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பூசாங்கில் பெரும்பாலான கல் உருளைகளைப் பாதியாக அறுக்கவில்லை. முழுவதையும் இடித்தே அனுப்பிவிட்டார்கள். திரும்பிச் சோதிக்கச் சாட்சி இல்லை. தங்கம் பெரிய துணுக்காக இருப்பதால் முழுவதையும் இடித்தால்தான் சரியான அளவு கிடைக்கும் என்று காரணம் சொன்னார்கள். உண்மையான சாஸ்திரத்தையே பொய்க்குப் போர்வையாகப் போர்த்தினார்கள்.

இதில் நாம் படிக்க வேண்டியது என்ன? புடம் போட்ட பரிசோதனைக்கூடம் சரியாகத்தான் புடம் போட்டது. மதிப்பீடு செய்த பொறியியல் நிறுவனம் சரியாகத்தான் பெருக்கியது. கணக்கு சரி, கணக்குக்குள் போட்ட எண் பொய். முளைக்காத விதையை எவ்வளவு நேர்த்தியாக நட்டாலும் என்ன விளையும்?

நஷ்டப்பட்டது யார்? சூதாடிகள் மட்டும்தானா? அதுதான் இல்லை! கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி, முனிசிபல் ஊழியர்களின் ஓய்வூதிய நிதி, கியூபெக் பொதுத்துறை ஊழியர்களின் ஓய்வூதிய நிதி எல்லாம் கோடிக்கணக்கில் இழந்தன. கரும்பலகையில் எழுதிச் சேர்த்த பணம், சாலை கூட்டிச் சேர்த்த பணம். கம்பெனியின் தலைமைப் புவியியல் நிபுணர்மேல் நடந்த பங்கு விற்பனை வழக்கில் 2007-ல் அவரும் விடுதலை. அந்த மோசடிக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். 2015 முதல் நம்முடைய பிராவிடண்டு பண்டுப் பணத்திலும் ஒரு பகுதி பங்குச் சந்தைக்குப் போகிறது. ஒரே கம்பெனியில் அல்ல, பல கம்பெனிகள் சேர்ந்த தொகுப்பில் போகிறது என்பது உண்மை. ஆனாலும், கம்பெனிகள் காட்டும் காகித எண்களின் நிழலில்தான் நம் முதுமையும் நிற்கிறது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்வது நம் வேலை இல்லையா?

பூசாங்குக்குப் பிறகு கனடாவில் 2001-ல் கடுமையான விதி வந்தது. மதிப்பீட்டறிக்கையில் தகுதி பெற்ற நிபுணர் ஒருவர் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். இடத்தை நேரில் பார்த்திருக்க வேண்டும். மாதிரியை யார் எடுத்தார், யார் காவல் காத்தார் என்று எழுத வேண்டும். இன்று ஒழுங்காக நடக்கும் இடங்களில், தங்கமே இல்லாத கல்லையும், அளவு தெரிந்த கல்லையும் மாதிரிகளோடு மறைத்துச் சேர்த்து அனுப்பிப் பரிசோதனைக்கூடத்தையே சோதிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. நேர்மையாக வேலை செய்யும் புவியியல் நிபுணர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பூசாங்கின் பொய்யை உடைத்ததும் அவர்களைப்போன்றவர்கள்தான். விஞ்ஞானத்தின்மேல் நமக்குக் கோபமில்லை.

இருப்பு தீர்ந்தது என்றால்

கடைசியாகக் கோலார். என் பெரியப்பா தங்கவயலில் வேலை பார்த்தவர். வடஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்தும் போன ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. அவர் அடிக்கடி சொல்வார்: "தங்கம் இருக்கிற இடத்தை எவனும் பார்த்ததில்லைடா தம்பி. இருந்த இடத்தைத்தான் பார்த்திருக்கிறோம்." அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. வெட்டிய பிறகுதான் மதிப்பீடு மெய்யா பொய்யா என்று தெரியும். அதை முதலில் தெரிந்துகொள்கிறவன் பாறை முகத்தில் நிற்கும் தொழிலாளி.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி காலடி வைத்த அந்தச் சுரங்கம், மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போய், 2001 பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டது. நல்ல தாது தீர்ந்துவிட்டது, ஒரு கிராம் எடுக்கும் செலவு விலையைவிட அதிகம் என்றார்கள். பாறை ஏழையாகிக்கொண்டு வந்தது மெய்தான். ஆழத்தின் செலவும் மெய்தான். ஆனால் அதற்குப் பிறகு தங்கத்தின் விலை பல மடங்கு ஏறியது. எல்லைக்கோடு கீழே இறங்கியது. அரைத்துத் தள்ளிய சயனைடு மண்மேடுகளே இப்போது வளம் என்று பெயர் பெற்றுவிட்டன. அதிலிருந்து தங்கம் எடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் கர்நாடக மந்திரிசபை சம்மதம் தந்தது. குப்பை தாது ஆயிற்று. வேலையை இழந்தவனின் வாழ்நாள் திரும்பி வருமா?

தோழர்களே! நாம் இங்கே யாரும் தங்கச் சுரங்கம் வாங்கப் போவதில்லை. ஆனால் ஆலையில் "நஷ்டம், மூடுகிறோம்" என்கிறார்கள். ஊரில் "உங்கள் நிலத்தடியில் தாது இருக்கிறது, எழுந்திருங்கள்" என்கிறார்கள். அறுவடை மதிப்பீட்டில் "இந்த வட்டாரத்தில் விளைச்சல் சராசரி" என்று எழுதி நிவாரணத்தை மறுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு எண் நம் முன்னே எறியப்படுகிறது. எண்ணைக் கண்டு மிரளாதீர்கள். கேளுங்கள்: மாதிரி எங்கே எடுத்தாய்? எத்தனை எடுத்தாய்? யார் எடுத்தது, யார் காவல் காத்தது? மறு பாதி எங்கே? எல்லைக்கோட்டை எந்த விலையில், எந்தக் கூலியில் போட்டாய்? இந்த எண் பெரிதானால் யாருக்கு லாபம், சிறிதானால் யாருக்கு லாபம்?

இந்தக் கேள்விகளைக் கேட்கப் பட்டம் வேண்டாம். சோற்றுப் பானையில் பதம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, பானை ஒழுங்காகக் கிளறப்பட்டதா என்று கேட்கவும் தெரியும். டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்ட தோழர் அதைத்தான் கேட்டார். எவன் உள்ளே போய் எடை போட்டான் என்று. அந்தக் கேள்வியை விடாதீர்கள், தோழர்களே!